கம்பு மிஷின் எண்ணெய் குடிக்காத இரண்டு வாரம்

ஏணியக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. பதின்மூன்று வருஷம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

தெருமரங்களைக் கத்தரிக்கும் குழுவில் ஒருத்தர் மேலே ஏறுவார், ஒருத்தர் விசில் ஊதுவார், ஒருத்தி ஏணியைப் பிடிப்பாள். மேலே ஏறுகிறவரைத் தெருவே அண்ணாந்து பார்க்கும். விசில் ஊதுகிறவருக்கு லாரிகூட ஒதுங்கி வழிவிடும். ஏணி பிடிக்கிறவளின் தலையில் மட்டும் மரத்தூள் விழும், எறும்பு விழும், ஒருமுறை முட்டையோடு ஒரு காக்கைக் கூடே விழுந்தது. கூட்டைக் கலைத்தவர் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்க, காக்கைகள் மூன்று நாள் ஏணியக்காவையே வீடுவரை விரட்டிக்கொண்டு போய்க் கொத்தின. அவள் குடை பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். மழைக்குக்கூட குடை பிடிக்காதவள்.

கூட்டைக் கலைத்த அந்தப் புண்ணியவானுக்கு அணில் என்று பெயர். ஒரு காலத்தில் பொருத்தமான பெயராக இருந்திருக்க வேண்டும். இப்போது அணிலண்ணன் ஏணியில் கால் வைத்தால் ஏணி முனகும், முழங்கால் முனகும், அப்புறம் அவரே முனகுவார். இந்த மூன்று முனகலையும் கேட்டபடி கீழே நின்று, "வலது கால் அண்ணே, வலது! அது இடது!" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஏணியக்காவின் உத்தியோகம்.

நான்கு மாசத்துக்கு முன்னால் கம்பு மிஷின் வந்தது.

நீளமான ஒரு கம்பு. அதன் உச்சியில் ஒரு முழத்துக்கும் குறைவான இரும்புப் பட்டை. பட்டையைச் சுற்றி, பல் வைத்த செயின். கீழே பாட்டரி. தரையில் நின்றபடியே இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் கிளையை வெட்டலாம். ஏணி வேண்டாம், முனகல் வேண்டாம். குழுவின் மேலதிகாரிக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் விசில் சார். தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்று கேள்வி. அவர் ஆளுக்கொரு கிளையைக் காட்டி, "வெட்டிக் காட்டுங்க, யாருக்கு வருதுன்னு பாப்போம்" என்றார்.

அணிலண்ணன் தூண்டில் வீசுகிற மாதிரி வீசினார். கிளை தப்பித்தது, தெருவிளக்கு தப்பிக்கவில்லை. அடுத்து விசில் சாரே முயன்று பார்த்தார். மேலே பார்த்தபடி பின்னால் நடந்து சாக்கடையில் ஒரு காலை விட்டார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

கடைசியாக ஏணியக்கா. மிஷினை வாங்கினாள், கிளையைப் பார்த்தாள், இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தாள். அடியில் ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு. கிளை அவள் நினைத்த இடத்தில், சொல்லி வைத்தாற்போல வந்து படுத்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கிளைகளைக் கீழேயிருந்து பார்த்துப் பார்த்து, எது எந்தப் பக்கம் விழும் என்று தலையிலேயே வாங்கிப் படித்த பாடம் அவளுக்கு. பதின்மூன்று வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் யாரும் முதல் மார்க் வாங்குவார்கள்.

மிஷின் அவள் கைக்கு வந்தது. ஏணி கொட்டகைச் சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

சாயங்காலமானால் மிஷினும் அவளோடு வீட்டுக்குப் போகும். பாட்டரிக்குச் சார்ஜ் போட வேண்டுமே. கொட்டகையில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட், அது விசில் சாரின் டீ கெட்டிலுக்கு என்று பட்டா போட்டது. ஆகவே கம்பை இரண்டாகக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். வீட்டின் முன்னறையில், புருஷனின் வெட்டு மேஜைக்குப் பக்கத்து மூலையில், மிஷின் படுத்துக்கொள்ளும்.

புருஷன் தையல்காரர். வார்த்தையையும் அளவெடுத்துத்தான் வெட்டுவார். அரை அங்குலம் கூடாது, குறையாது. "சாப்பிட்டியா", "வந்துட்டியா", "கை காட்டு". இந்த மூன்றாவது, அவளுடைய கையுறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க. உலகத்தில் கெட்டுப்போன சாமான் என்று ஒன்று கிடையாது, பிரிந்துபோன தையல்தான் உண்டு என்பது அவர் கட்சி. அவளுடைய குடை, பூட்ஸ், சாப்பாட்டுப் பை, ஒருமுறை பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடியைக்கூடத் தைத்தே சரிபண்ணியிருக்கிறார். தைத்த இடம் தெரியக் கூடாது என்பதில் மனுஷருக்கு ஒரு கர்வம். நூல் கலர் சேராவிட்டால் சேருகிற வரைக்கும் மூன்று கடை ஏறி இறங்குவார். கேட்காமலே செய்வார், செய்துவிட்டுச் சொல்லவும் மாட்டார்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை மாசம் மிஷின் சமர்த்தாக ஓடியது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, தபால் ஆபீஸ் தெருவில், கிளை பாதி அறுபட்டிருக்கும்போது மேலேயிருந்து புகை வந்தது. கருகிய வாசனை. ஏணியக்கா உடனே நிறுத்தி, பாட்டரியைக் கழற்றி, கம்பைக் கீழே இறக்கிப் பார்த்தாள். பட்டை சூட்டில் நீலம் பூத்துக் கிடந்தது. செயின் காய்ந்த வறட்டி மாதிரி.

செயினுக்கு ஓட ஓட எண்ணெய் வேண்டும். பட்டைக்குப் பக்கத்திலேயே, கம்பின் உச்சியில், அதற்கென்று ஒரு சின்னத் தொட்டி. மோட்டார் சுற்றினால் ஒரு குட்டிப் பம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பட்டையின் ஓரப் பள்ளத்தில் விடும், செயின் அதைத் தொட்டுக்கொண்டு ஓடும். எண்ணெய் வந்தால் சோப்பை அறுக்கிற மாதிரி அறுக்கும். வராவிட்டால் புகைதான்.

"எண்ணெய் ஊத்த மறந்துட்டியா, ஏணி?" என்றார் அணிலண்ணன்.

"காலையிலதானே அண்ணே ஊத்தினேன்." தொட்டி மூடியைத் திறந்து காட்டினாள். முக்கால் தொட்டி எண்ணெய் பளபளவென்று இருந்தது.

"அப்ப குடிக்க மாட்டேங்குது. கோவமா இருக்கும். ஏதாவது திட்டினியா?"

"உங்களத் தவிர நான் யாரையும் திட்டல."

ஏணியக்காவிடம் இதற்கு ஒரு பரீட்சை உண்டு. புருஷன் சட்டை மடித்து வைக்கும் வெள்ளை அட்டை ஒன்றைத் தரையில் போட்டு, பட்டையின் நுனியை ஒரு சாண் உயரத்தில் பிடித்து மிஷினை ஓட்டினால், நுனியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் அட்டையில் ஒரு கோடு போடும். கோடு விழுந்தால் பாஸ். விழாவிட்டால் ஃபெயில். மூடியைத் திருகி, அட்டையைப் போட்டு, ஓட்டிப் பார்த்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி அழகான கோடு.

"பாஸ்" என்றாள், நம்பாமலே.

மறுபடி கிளையில் வைத்தாள். ஆறு நிமிஷம். மறுபடி புகை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்தச் சனி. அவள் சும்மா இருக்கவில்லை. பட்டையைக் கழற்றி, ஓரப் பள்ளத்தில் அடைந்துகிடந்த மரத்தூளை ஒடிந்த ரம்பத் துண்டால் நெடுகச் சுரண்டினாள். எண்ணெய் வரும் துளையைக் குண்டூசியால் குத்தினாள். தேய்மானம் ஒரே பக்கம் இருக்கக் கூடாதென்று பட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். செயின் இறுக்கமா என்று விரலால் இழுத்துப் பார்த்தாள். பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, அதற்கென்றே விற்கிற புது எண்ணெய் ஊற்றினாள். எண்ணெய் அளவைக் கூட்டுகிற திருகை முழுசாகத் திருப்பி வைத்தாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடுவாள், அட்டையில் பரீட்சை வைப்பாள். ஒவ்வொரு தடவையும் பாஸ். மரத்துக்கடியில் போனால் ஆறாவது நிமிஷம் ஃபெயில்.

வாத்தியார் முன்னால் எல்லாப் பாட்டையும் ஒப்பித்துவிட்டு, இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குத் திருதிருவென்று முழிக்கிற பையன் எல்லா வகுப்பிலும் ஒருத்தன் இருப்பான். மிஷினும் அந்த ஜாதிதான்.

"பழைய என்ஜின் ஆயில் ஊத்திப் பாரு, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார் அணிலண்ணன்.

"எதுண்ணே பிச்சுக்கிட்டுப் போகும், பம்பா?"

"நல்லது சொன்னா கேக்க மாட்டியே."

அவர் சொல்வதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருந்தது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். முழங்கால் போன மனுஷருக்குத் தரையில் நின்றே வெட்டுகிற மிஷின்மேல் ஆசை வராதா? தெருவிளக்கை உடைத்த அன்றிலிருந்தே, "அது காத்து தள்ளிடுச்சு, இன்னொரு தடவை குடுத்துப் பாருங்க" என்று விசில் சாரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது பட்டையும் நீலம் பூத்தபோது விசில் சார் மிஷினை மெக்கானிக்கிடம் அனுப்பினார். மெக்கானிக் தம்பிக்கு நட்டு என்று பெயர். எதைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு மிச்சம் வைப்பான். அவன் சட்டைப்பையைக் குலுக்கினால் உண்டியல் சத்தம் கேட்கும். ஆனாலும் கெட்டிக்காரன். மிஷின் மேஜைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டி மூடியைத் திறந்து எண்ணெயைக் கொட்டினான். தொட்டிக்குள் இருந்த சின்ன வடிகட்டியை எடுத்துக் கழுவினான். பம்பைக் கழற்றி, அதன் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டினான். எண்ணெய் அருவி.

"அக்கா, மிஷின்ல ஒண்ணுமே இல்ல."

"ஆறு நிமிஷம் ஓட்டிப் பாரு தம்பி."

நாலு நிமிஷம் ஓட்டினான். அதற்குள் அடுத்த ஆள் புல்வெட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிறுத்திவிட்டான். பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசல்படியை மிதித்ததும் வலி ஓடிப்போகிற கதைதான். ஆனால் நட்டு எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஒரு வரி இருந்தது: 'மிஷின் நல்ல நிலையில் உள்ளது. உபயோகிப்பவர் கவனிக்கவும்.'

உபயோகிப்பவர். அந்த ஒரு வார்த்தையை ஏணியக்கா வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் விசில் சார் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்தா பாரும்மா. பட்டை ரெண்டு போச்சு. மூணாவது ஒண்ணுதான் ஸ்டோர்ல இருக்கு. சனிக்கிழமை பள்ளிக்கூட வாசல்ல அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக் கிளையை எறக்கணும், திங்கட்கிழமை புள்ளைங்க வந்துடும். அன்னிக்கும் புகைஞ்சா, நான் என்ன பண்ண முடியும்? மிஷினை அணில்கிட்ட குடுத்துட்டு நீ பழையபடி..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. இரண்டு பேரும் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தார்கள். ஏணியும் இவர்களைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, மிஷினை மூலையில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் காலையில் எழுந்தால் அந்த மூலையில் காசு அகலத்துக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கும். இந்த ஜாதி மிஷின்கள் படுக்கையில் கொஞ்சம் ஒழுகும், பச்சைக் குழந்தை மாதிரி. இப்போது சில நாளாக அதுவும் இல்லை. தரை துடைத்து வைத்தாற்போல இருந்தது. 'வேலையைத்தான் செய்யல, ஒழுகறதையாவது விட்டுச்சே' என்று நினைத்துக்கொண்டாள்.

தையல் மிஷின் நின்றது. "சாப்பிட்டியா?" என்றார் புருஷன்.

"நாளைக்கு இது ஓடலைன்னா, திரும்ப ஏணிதாங்க."

அவர் அவளையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. ஆனால் அளவு சரியாக வரவில்லை போல. "கை காட்டு" என்றார். கையுறை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மிஷின் சத்தத்துக்கு அவள் மாட்டுகிற காதடைப்பானை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கத்து மெத்தை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. "காலையில தெச்சுத் தரேன்."

காலையில் அவரால் தைக்க முடியவில்லை. கல்யாணத் துணிக்காரர்கள் விடியும்போதே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மெத்தையில் பாதி ஊசி குத்தியபடி காதடைப்பான் மேஜைமேல் கிடந்தது. ஏணியக்கா இரண்டு காதிலும் பஞ்சு உருண்டை வைத்துக்கொண்டு கிளம்பினாள். நல்லதாகப் போயிற்று. ஏன் என்பது பின்னால் வரும்.

பள்ளிக்கூட வாசலில் தூங்குமூஞ்சி மரம் தன் பெயருக்கேற்ப நின்றது. தொடைப் பருமன் இருந்த ஒரு கிளை கேட்டுக்கு நேர் மேலே, பட்டுப்போய், எப்போது விழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. விசில் சார் தெருவை மறித்துக் கயிறு கட்டியிருந்தார். நட்டு மூன்றாவது பட்டையோடு வந்திருந்தான். அணிலண்ணன் ஏணியைச் சுமந்துகொண்டு வந்து கேட்டில் சாய்த்தார். "சும்மா, எதுக்கும் இருக்கட்டுமேன்னு" என்றார், யாரும் கேட்காமலே.

நட்டு புதுப் பட்டையை மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் மூடியைத் திறக்கக் கை நீட்டினான்.

"இருப்பா. அதத் தொடாத."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெளிவில்லை. ராத்திரி படுக்கையில் புரண்டபோது ஒன்று மட்டும் உறைத்திருந்தது: பட்டையைச் சுரண்டினேன், பாஸ். திருகைத் திருப்பினேன், பாஸ். எண்ணெயை மாற்றினேன், பாஸ். எதைச் செய்தாலும் பாஸ் என்றால் எதைச் செய்ததும் காரணமில்லை. எல்லாத் தடவையும் செய்த வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். எல்லாத் தடவையும் செய்தது என்ன? மூடியைத் திறந்து மூடியது.

அட்டையைத் தரையில் போட்டாள். காலையில் எண்ணெய் ஊற்றி மூடிய மூடியைத் தொடாமல், கிளையிலும் வைக்காமல், சும்மா ஓட்டிக்கொண்டே நின்றாள். கோடு விழுந்தது. அட்டையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். நட்டு காலால் தள்ளினான். இன்னொரு கோடு. மூன்றாவது நிமிஷம், நாலாவது நிமிஷம். ஐந்தாவது கோடு மெலிந்தது. ஆறாவது கோடு, மை தீர்ந்த பேனாவால் எழுதின மாதிரி விட்டுவிட்டு விழுந்தது. ஏழாவது விழவேயில்லை.

நிறுத்தினாள். பாட்டரியைக் கழற்றினாள். காதுப் பஞ்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பை இறக்கி, மூடியை மெல்லத் திருகினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

நாலு பேருக்கும் கேட்டது. ரொம்ப நேரம் மூச்சடக்கி இருந்த ஒருத்தர் மூச்சு விட்ட மாதிரி. இரண்டு வாரமாக ஒவ்வொரு தடவையும் அந்த மூச்சு வந்துகொண்டுதான் இருந்திருக்கும். காதடைப்பான் மாட்டிய காதில் அது எப்படி விழும்?

"தம்பி, எண்ணெய் வெளிய போகணும்னா உள்ள காத்து வரணும்ல?"

நட்டு தலையில் அடித்துக்கொண்டான். "மூடியில துளை இருக்கணும்க்கா! குண்டூசி முனை அளவுக்கு. அது வழியாத்தான் தொட்டி மூச்சு விடும்."

மூடியை எல்லாரும் மூக்கருகே வைத்துப் பார்த்தார்கள். ஆரஞ்சுக் கலர் மூடி. வழுவழுவென்று இருந்தது. துளையே இல்லை. விசில் சார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். அணிலண்ணன், "கம்பெனிக்காரன் போட மறந்துட்டானோ?" என்றார். ஏணியக்கா மூடியின் நடுவில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். ஒரு இடத்தில் நகம் பதிந்தது. சுரண்டினாள். ஆரஞ்சுக் கலரில் மெத்தென்று ஏதோ நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடியில், குண்டூசி முனை அளவுக்கு, கச்சிதமாக ஒரு துளை.

"மெழுகு!" என்றான் நட்டு. "யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்கக்கா. கலரெல்லாம் சேத்து அடைச்சிருக்காங்க. நானே பிரிச்சுப் பாத்தும் கண்ணுல படலைன்னா பாத்துக்குங்க. பெரிய கைகாரன்."

விசில் சார் மெதுவாகத் திரும்பி அணிலண்ணனைப் பார்த்தார். நட்டும் பார்த்தான். கேட்டில் சாய்ந்திருந்த ஏணியை வேறு பார்த்தார்கள். மிஷின்மேல் யாருக்கு ஆசை என்று ஊருக்கே தெரியுமே.

"யோவ், என்ன எதுக்குய்யா பாக்கறீங்க?" அணிலண்ணனின் முகம் சுருங்கிப்போனது. "எனக்கு ஆசைதான், இல்லேங்கல. அதுக்காக இவ செயினைக் கருக விடுவேனா? மேல ஏறி நின்ன காலத்துல என் உசுரு இவ கையிலதான்யா இருந்துச்சு."

ஏணியக்கா அதற்குள் நகத்தை மூக்கருகே கொண்டுபோயிருந்தாள். தேன்மெழுகு வாசனை. கூடவே துணியில் கோடு போடுகிற கலர் சுண்ணாம்புக்கட்டியின் வாசனை. இந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு டப்பாவில்தான் இருக்கும். அந்த டப்பா எந்த மேஜையின் எந்த டிராயரில் இருக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

 சொன்னால் மிஷின் வீட்டுக்கு வருவது நின்றுபோகும். கெட்டிலுக்குப் பட்டா போட்ட ப்ளக்கில் சார்ஜ் ஏறாது. சார்ஜ் இல்லாத மிஷின் வெறும் கம்பு. வெறும் கம்பை வைத்திருப்பவள் திரும்பவும் ஏணி பிடிக்க வேண்டியதுதான். சொல்லாமல் விட்டாலோ, அணிலண்ணன் இப்படியே முகம் சுருங்கி நிற்பார்.

"அவர் இல்ல சார்" என்றாள். "என் வீட்டுக்காரர்."

"உன் வீட்டுக்காரரா? அவருக்கு மிஷின்மேல என்ன பகை?"

"பகை இல்ல சார். ஓட்டைன்னு நெனச்சுட்டாரு. ஓட்டையைக் கண்டா அவருக்குக் கை சும்மா இருக்காது. அடைச்சுட்டு, அடைச்ச எடம் தெரியக் கூடாதுன்னு கலரும் சேத்திருக்காரு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டியது. "ஒழுகறது நின்னுடுச்சேன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

விசில் சார் சிரிக்க ஆரம்பித்தார். விசில் வாயிலேயே இருந்ததால் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு பீப்பீ வந்தது. தெருக்கோடியில் ஒரு சைக்கிள்காரர் தனக்குத்தான் என்று நினைத்து இறங்கி நின்றுகொண்டார்.

"மிஷினை இனிமே கொட்டகையில வெச்சிடட்டுமா சார்?" என்று கேட்டாள், பாதி உயிரோடு.

"எதுக்கு? மிஷின் வீட்டுக்கே போகட்டும். உன் வீட்டுக்காரரைத்தான் கொட்டகையில வெச்சுப் பூட்டணும். இங்க ஏகப்பட்ட ஓட்டை இருக்கு."

துளையைக் குண்டூசியால் சுத்தம் செய்து, மூடியைத் திருகி, அட்டையில் ஒரு பரீட்சை. பன்னிரண்டு நிமிஷம், பன்னிரண்டு கோடு. நட்டு ஒவ்வொன்றையும் எண்ணினான். எழுதிக்கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, 'உபயோகிப்பவர்' என்ற இடத்தை அடித்துவிட்டு 'மூடியை' என்று எழுதினான். 'மூடியைக் கவனிக்கவும்.'

அப்புறம் கிளை. முதலில் நுனியை, துண்டு துண்டாக. அப்புறம் அடியில் ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு. செயின் சோப்பை அறுக்கிற மாதிரி போனது. கிளை கேட்டைத் தொடாமல், கயிற்றுக்கு உள்ளே, அவள் பூட்ஸால் கிழித்து வைத்த கோட்டில் வந்து படுத்தது. அணிலண்ணன் அதுவரை ஏணியின் இரண்டாவது படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று கைதட்டினார்.

"உக்கார்றதுக்கு வசதியாத்தான் இருக்கு இந்த ஏணி" என்றார்.

"திங்கட்கிழமை கத்துத் தரேன் அண்ணே. முதல்ல தெருவெளக்கு இல்லாத தெருவாப் பாத்து."

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தையல்காரர் கைகழுவப் போயிருந்தார். அவள் டிராயரைத் திறந்தாள், மெழுகு டப்பாவை எடுத்தாள். காரியத்தை முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரிக்க உட்கார்ந்துகொண்டாள்.

அவர் வந்து உட்கார்ந்து நூலை நக்கி ஊசியில் கோர்க்கப் போனார். போகவில்லை. நுனியை வெட்டி மறுபடி கோர்த்தார். போகவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஐந்தாவது தடவை அவர் முகத்தில் ஒரு கலவரம் வந்தது. தையல்காரருக்குக் கண் போனால் என்ன மிச்சம்?

அதற்குமேல் ஏணியக்காவுக்குத் தாங்கவில்லை. "ஓட்டையா இருந்துச்சுங்க. கம்பெனிக்காரன் அடைக்க மறந்துட்டான் போல. நான்தான் மெழுகு வெச்சு அடைச்சேன். கலர் சரியா இருக்கா?"

அவர் ஊசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூலையில் இருந்த மிஷினையும், வழுவழுப்பு போய்ப் புள்ளி விழுந்திருந்த அதன் ஆரஞ்சு மூடியையும் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் காது இரண்டும் சிவந்தன.

"அதனாலதானா?"

"அதனாலதான். ரெண்டு வாரம்."

"நேத்து கேக்கணும்னு நெனச்சேன். மெழுகு போய்க் கெடுக்குமான்னு." தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் பேசினதுதான் அந்த வருஷத்திலேயே நீளமான பேச்சு. இரண்டு வாரத்துக்கு முன்னால், மேஜையிலிருந்து நழுவி விழுந்த வெள்ளைக் கவுன் ஒன்றில், மிஷின் ஒழுகின எண்ணெய்ப் பொட்டு பட்டுவிட்டது. ராத்திரியே துவைத்துப் பார்த்தார், போகவில்லை. அந்த ஒரு பட்டியைப் பிரித்து, புதுத் துணி வாங்கி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். "உன்கிட்ட சொன்னா நீ மிஷினை இங்க கொண்டு வர மாட்டே. கொண்டு வரலைன்னா உன்னை ஏணிக்கு அனுப்பிடுவாங்க. அதான்..."

ஏணியக்கா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வருவதற்கு வெங்காயம்போல வசதியான சாமான் வேறு கிடையாது.

"ஊசியைக் குடுங்க" என்றாள். குண்டூசியால் குத்தி மெழுகை எடுத்து, நூலையும் அவளே கோர்த்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை மிஷின் வேலைக்கு வந்தபோது அதன் தலையில் ஒரு புது உறை இருந்தது. உள்ளே பஞ்சு வைத்து, ஒழுகுகிற எண்ணெயெல்லாம் அதிலேயே ஊறிப்போகிற மாதிரி, கழற்றித் துவைக்க நாடா வைத்து, மூடியின் கலருக்கே ஆரஞ்சுத் துணியில் தைத்த உறை. அணிலண்ணன், "மிஷினுக்குத் தொப்பி, எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, நட்டுவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூடியின் நடுவில் இருந்த துளைக்கு நேராக, உறையில் ஒரு சின்னக் காஜா. சட்டைப் பொத்தானுக்கு எடுப்பதைவிடச் சின்னது. சுற்றிலும் நெருக்கமாக ஆரஞ்சு நூல் கட்டி, மறுபடி யாரும் மறந்தும் அடைத்துவிடாதபடி, திறந்தே இருந்தது.